அபயம் ஒன்றின் நெற்றி

மனிதனும் எந்திரமும் தோளோடு தோள் நின்று உயிர் காக்கும் பொன்னாள், ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்தே முக்கால் மணிக்குத் திருப்பதியில் விடிந்தது.

மேடையில் அப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் ஒன்பதரை மணிக்கே விடிந்திருக்க வேண்டியது. தலைமை விருந்தினர் வரத் தாமதமானதால் பொன்னாளும் எங்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தது. தோள் விஷயமும் கொஞ்சம் கூடுதல்தான். எந்திரத்துக்குத் தோள் கிடையாது. பெரிய சூட்கேஸ் அளவு, இரண்டு பக்கமும் ரப்பர் பெல்ட்டு, முன்னால் இரண்டு கேமரா, ஒரு விளக்கு, அவ்வளவுதான். மனிதனுக்கு, அதாவது எங்கள் ஏசுரத்தினம் அண்ணனுக்கு, இரண்டு தோள் இருந்தன. அதில் இடது தோள் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கிணற்றில் இறங்கும்போது நழுவியது. அன்றிலிருந்து சட்டை மாட்டக்கூட யாராவது கை கொடுக்க வேண்டும்.

எந்திரத்தின் பெயர் அபயம்-1. இரண்டு கிடையாது. இரண்டாவது வாங்கும் எண்ணம் யாருக்கும் இருந்ததாகவும் தெரியவில்லை. ‘ஒன்று’ என்று போட்டால் பின்னால் ஒரு படையே வருகிற மாதிரி இருக்கும், அதனால் போட்டார்கள். மீட்புப் பிரிவில் நாங்கள் அதை ஆமை என்று கூப்பிட்டோம்.

ஆமையை ஓட்டுகிறவள் நான். தேவயானி, சொந்த ஊர் நகரிப் பக்கம், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. இடிபாட்டுக்கு வெளியே ஒரு திரையும் ஹெட்செட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆமை உள்ளே ஊர்ந்து போகும். அதன் கண்ணில் படுவது என் திரையில் வரும். அதன் காதில் விழுவது என் காதில் விழும். நான் பேசினால் அதன் ஸ்பீக்கரில் கேட்கும். அதன் பின்னால் நீளமான கேபிள் ஒன்று போகும். இடிபாட்டில் கம்பி, கல், கட்டில் கால் எதிலும் சிக்காமல் அந்தக் கேபிளை விட்டுக் கொடுப்பதும் இழுப்பதும் ரத்தினண்ணன் வேலை. அதற்குக் காகிதத்தில் ஆங்கிலத்தில் மூன்று வார்த்தைப் பதவிப் பெயர் ஒன்று உண்டு. அவரைக் கேட்டால், “ஆமைக்கு வால் புடிக்கிறேன்” என்பார். சித்தூரில் அவர்கள் சபைப் போதகர் கேட்டபோதும் அதைத்தான் சொன்னாராம்.

காலை எட்டு மணிக்கு ஒத்திகை நடந்தது. கல்லூரி மைதானத்தில் தெர்மாகோலில் ஒரு கட்டடம் இடிந்து கிடந்தது. சிமெண்ட் நிறம் அடித்து, அங்கங்கே சிவப்பும் தெளித்திருந்தார்கள். அதற்கடியில் மாட்டிக்கொண்டவராக நடிக்க ஆள் வேண்டும். கல்லூரிப் பையன்கள் வெயிலில் படுக்க மாட்டோம் என்றார்கள். ரத்தினண்ணன் போய்ப் படுத்தார்.

ஆமை ஊர்ந்து அவரிடம் போனது. என் ஹெட்செட்டில் அவர் மூச்சு கேட்டது. வெற்றிலை மெல்லுவது கேட்டது. பிறகு குரல்.

“தேவம்மா, தெர்மாகோல் ரொம்ப கனமா கீது. ஒரு டீ அனுப்பு. சக்கர கம்மி.”

“மாட்டிக்கினவரு டீ கேக்க மாட்டாருண்ணா. முனகணும்.”

“சித்தூர்க்காரன் டீ கேட்டுத்தாம்மா முனகுவான்.”

அப்போது ஆமையின் ஸ்பீக்கர் பேச ஆரம்பித்தது. அதற்குள் ஒரு செய்தியைப் பதிந்து வைத்திருந்தார்கள், கணீரென்ற இலக்கியத் தெலுங்கில். முதல் இருபத்திரண்டு நொடி, இந்த உன்னதத் திட்டத்துக்குக் காரணமான பெரிய மனிதர்களுக்கு நன்றி. அதன் பிறகுதான், “அஞ்ச வேண்டாம், உங்கள் ஒவ்வொரு மூச்சையும் நாங்கள் செவிமடுத்துக்கொண்டிருக்கிறோம்” என்ற வாக்கியம்.

“இன்னாம்மா இது,” என்றார் ரத்தினண்ணன் தெர்மாகோலுக்கு அடியிலிருந்து. “மாட்டிக்கினவன் மொதல்ல எழுந்து நின்னு கைதட்டணும் போல கீதே.”

எல்லாம் சரியாக வேலை செய்தது. சோதனைப் படிவத்தில் கேமரா, விளக்கு, பெல்ட்டு, மைக், ஸ்பீக்கர் என்று வரிசையாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பிறகு பட்டுப்புடவை கட்டிக்கொள்ளப் போனேன். ஆமையை ஓட்டப் பயிற்சி எடுத்தவள் மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான். ஆனால் விழாவில் எனக்குக் கொடுத்த வேலை தாம்பாளம் பிடிப்பது.

தலைமை விருந்தினர் வந்தார். பேசினார். நல்ல நேரம் முடிவதற்குள் தேங்காய் உடைத்தார்கள். பெல்ட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாலை போட்டார்கள். “பொட்டு வைங்கம்மா” என்றார் ஒருவர். புது வண்டியோ மாவு அரைக்கும் எந்திரமோ, எது வந்தாலும் நாம் செய்வதுதானே. நான் சந்தனத்தைக் குழைத்து ஆமையின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு கேமராவும் இரண்டு கண் மாதிரி இருந்தன. அவற்றுக்கு நடுவில் கொஞ்சம் மேலே, நெற்றி மாதிரியே ஒரு சமதளம். வேறு எங்கே வைப்பது? அங்கேதான் வைத்தேன். அதன் மேல் குங்குமம். போட்டோ சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை வைக்கும்படி ஆயிற்று. தலைமை விருந்தினருக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டதால் ஆமை தெர்மாகோலுக்குள் போய்க் காட்டவே இல்லை. வடையும் காபியும் நன்றாக இருந்தன.

வண்டியில் ஏற்றும்போது ரத்தினண்ணன் ஈரத்துணியோடு வந்தார். பூஜை நடந்தபோது ஒதுங்கி நின்று கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர்.

“மொகமெல்லாம் சந்தனமும் குங்குமமுமா கீது. தொடச்சிடட்டுமா?”

கேமராக் கண்ணாடிகளை நானே துடைத்துவிட்டிருந்தேன். “நெத்தியில கீறது இருக்கட்டும்ணா.”

“காஞ்சி போச்சின்னா உடும்பு மாதிரி புடிச்சிக்கும்மா.”

“வோணாண்ணா. போட்டோக்காரங்க இன்னும் போவல. நீ தொடச்சா வேற மாதிரி பேசுவாங்க.”

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “சரி சரி. அது இந்து ஆமை. அப்போ ஞாயித்துக்கெழம நான் அத்த சர்ச்சுக்குக் கூட்டிக்கினு போவ முடியாது.”

“தானா உதிந்துடும்ணா.”

செவ்வாய்க்கிழமை முழுதும் ஆமையைக் கண்காட்சியில் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டன. பொட்டு உதிரவில்லை.

புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அழைப்பு வந்தது. புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் மாங்கூழ் தயாரிக்கும் ஆலை ஒன்றில் கிடங்கு இடிந்துவிட்டது. பழைய கிடங்கின் மேல் புதிதாக ஒரு மாடி கட்டி, சிமெண்ட் காய்வதற்குள் அதில் கூழ் நிரப்பிய டிரம்களை அடுக்கியிருந்தார்கள். சீசன் உச்சத்தில் இருந்தது. சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு டிராக்டர்களும் லாரிகளும் மாங்காயோடு வரிசையாக நின்றிருந்தன. நாங்கள் போய் இறங்கியபோது ஊரெல்லாம் இனிப்பாக மணத்தது. சாவு நடக்கும் இடத்துக்கு அந்த மணம் பொருந்தவே இல்லை.

வருகைப் பதிவேட்டின்படி உள்ளே இரண்டு பேர். ஒருவர் சுமை ஏற்றுகிற தொழிலாளி. இன்னொருவர் கன்னையா, டிரம் கழுவுகிறவர். ஆமை உள்ளே போன பத்தாவது நிமிஷத்தில் திரையில் ஒரு செருப்புக் கால் தெரிந்தது. கால் அசைந்தது. எங்கள் அதிகாரி ஜெயச்சந்திரன் சார் சரியான இடத்தில் வெட்டச் சொன்னார். இரண்டே முக்கால் மணிக்குள் அந்தத் தொழிலாளியை உயிரோடு வெளியே எடுத்துவிட்டோம். சாலையில் நின்ற டிராக்டர்க்காரர்கள் விசிலடித்தார்கள். தொலைக்காட்சிக்காரர் ஒருவர் ஆமையின் கேபிளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எந்திர யுகம் என்று ஏதோ சொன்னார்.

காது தேவைப்படாத மீட்பு அது. கண்ணே போதுமானதாக இருந்தது. அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கன்னையாவைத் தேடி ஆமையை இன்னும் உள்ளே விட்டேன். டிரம்களுக்கு நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. கேபிள் எதிலோ சிக்கியிருந்தது.

“வால் மாட்டிக்கினு கீது,” என்றார் ரத்தினண்ணன். “நான் பாத்துட்டு வரேன்.”

பொந்து குறுகல். முதுகுப்பையைக் கழற்றி வைத்தார். வாக்கி டாக்கி பையோடு வெளியே நின்றது. ஒரு ஸ்பேனரை மட்டும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இடது தோளை முதலில் நுழைக்க நான் பிடித்துக் கொடுத்தேன்.

“மெதுவாம்மா. அது ஒண்ணுதான் வாரண்டி முடிஞ்ச பீஸு.”

உள்ளே போனார். அவருடைய காலணி மறைந்தது. கேபிள் இரண்டு தடவை ஆடியது. சிக்கல் விடுபட்டதற்கு அதுதான் அடையாளம். அப்போது மேலே மிச்சமிருந்த தளம் உட்கார்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. சலித்துப்போன ஒருவர் நாற்காலியில் உட்காருகிற மாதிரி, மெதுவாக, முழுதாக. பொந்து மூடிக்கொண்டது. தூசு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அடங்கியபோது மணி மூன்று ஐந்து.

ஆமைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. என் திரையில் விளக்கு எரிந்தது. முன்னால் டிரம், தூசு, மறுபடி டிரம். அதனால் திரும்ப முடியவில்லை. ரத்தினண்ணன் அதற்குப் பின்னால் எங்கோ இருந்தார். பின்னால் கேமரா கிடையாது.

ஜெயச்சந்திரன் சார் நீளமாக விசில் ஊதினார். எங்கள் வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்: எல்லாரும் மௌனம். ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். சாலையில் டிராக்டர்களை அணைத்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் ஓடிப்போய்த் தேநீர்க் கடை ரேடியோவைக்கூட நிறுத்தினார். அத்தனை பேர் நின்ற இடத்தில் ஈக்கள் மட்டும் கேட்டன.

நான் மைக்கைப் பிடித்தேன். “ரத்தினண்ணா, நான் தேவயானி பேசறேன். கேக்குதுன்னா மூணு தபா தட்டுண்ணா.”

ஹெட்செட்டில் ஒன்றுமில்லை. மூடிய பானைக்குள் தலையை விட்ட மாதிரி என் காதுக்குள் என் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. திரையில் ஒலிக்கான பச்சைக் கோடு அசையாமல் கிடந்தது.

“ரத்தினண்ணா. கேக்கல. இன்னும் பலமா தட்டு.”

ஒன்றுமில்லை.

“தமாஷ் பண்ணாதண்ணா. இது ஒத்திக இல்ல. தட்டு.”

நான் பேசாத இடைவெளிகளில், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை, பதிந்து வைத்த குரல் தானாகவே கிளம்பியது. நன்றி, நன்றி, நன்றி. அஞ்ச வேண்டாம், உங்கள் ஒவ்வொரு மூச்சையும் நாங்கள் செவிமடுத்துக்கொண்டிருக்கிறோம். அதை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. எனக்கு நினைவு வரவில்லை.

“சப்தம் உந்தா?” என்றார் ஜெயச்சந்திரன் சார், ஏதாவது சத்தம் உண்டா என்று.

“லேது சார்.”

நாலு மணிக்கு மறுபடி விசில். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். நாலரைக்கு மூன்றாவது தடவை. அந்தத் தடவை அவர் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

கிரேன் ஒன்றுதான் இருந்தது. தூக்க வேண்டிய பக்கம் இரண்டு. கன்னையா சாப்பிட்டதும் மாடிப்படிக்கு அடியில் படுத்துத் தூங்குகிற வழக்கம் என்று காவலாளி சத்தியம் செய்தார். மாடிப்படி கிழக்குப் பக்கம் முழுதாக நின்றது. அதற்கடியில் ஒருவர் உயிரோடு இருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. ரத்தினண்ணன் இருந்த மேற்குப் பக்கம் மூன்று தடவை கேட்டும் மூச்சில்லை. உயிர் இருக்கக்கூடிய பக்கம் முதலில் போ என்பதுதான் எங்கள் வேலையின் முதல் பாடம். ஜெயச்சந்திரன் சார் பாடத்தின்படி செய்தார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் கேட்டார், நான் சொன்னேன்.

கருவியை ஒரு பக்கத்திலிருந்து எடுத்தால், பதில் வந்தாலும் வராவிட்டாலும், உள்ளே இருப்பவருக்கு அதைச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். அதுவும் பாடம்தான்.

“ரத்தினண்ணா, கிரேன அந்தப் பக்கம் எடுத்துக்கினு போறோம். கொஞ்ச நேரந்தான். வந்துடறோம். நீ இங்கயே இரு.”

இங்கேயே இரு என்று சொன்னேன்.

கிழக்குப் பக்கம் இரண்டரை மணி நேரம் தோண்டினோம். ஒரு சோற்றுத் தூக்கு கிடைத்தது. ஒரு போர்வை கிடைத்தது. போர்வையைப் பார்த்ததும் எல்லாருக்கும் தெம்பு வந்தது. ஏழு மணிக்கு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார். தலை வாரி, நெற்றியில் விபூதி இட்டு, புதுச்சட்டை போட்டிருந்தார்.

“இன்னாபா ஆச்சு? யாரு மாட்டிக்கினு கீறாங்க?” என்று காவலாளியைக் கேட்டார்.

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீதான்.”

கன்னையா அன்று வேலைக்கே வரவில்லை. பாகாலாவில் மச்சான் வீட்டு விசேஷம். வருகைப் பதிவேட்டில் அவருக்காகக் கூட வேலை செய்பவர் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த ஆலையில் அது ஒரு தப்பாகவே இல்லை; பக்கத்து வீட்டுக்காரருக்குப் பால் பாக்கெட் வாங்கி வைக்கிற மாதிரி. விஷயம் புரிந்ததும் கன்னையா மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு இடிபாட்டைக் கைகளால் அள்ள ஆரம்பித்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. கிரேன் மேற்குப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

எட்டரைக்கு ரத்தினண்ணனை எடுத்தோம். இடுப்புக்குக் கீழே தளம் கிடந்தது. வலது கை ஆமையின் முதுகுமேல் இருந்தது. கையில் ஸ்பேனர். ஆமையின் முதுகில் ஓரிடத்தில் மட்டும், ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு, பெயிண்ட் போய்த் தகரம் பளபளத்தது.

தொலைக்காட்சிக்காரர் ஆமையைத்தான் படம் எடுத்தார். ஐந்தரை மணி நேரம் இடிபாட்டில் கிடந்தும் விளக்குகூட அணையாத அற்புதம் என்றார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஆமையைக் கழுவ உட்கார்ந்தேன். வேறு யாருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை. பெல்ட்டில் மாங்கூழ் காய்ந்து தோலாகியிருந்தது. அதை உரித்தேன். முதுகைத் துடைத்தேன், அந்தப் பளபளப்பை விட்டுவிட்டு. கடைசியாக முகம். நெற்றிப் பொட்டு சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. துணியால் போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். நடுவில் ஒரு முனை உள்ளே இறங்கியிருந்தது. புடவை ஊக்கை எடுத்துக் குத்தி நெம்பினேன். உளுத்தம் பருப்பில் பாதி அளவுக்குச் சந்தனக் கட்டி ஒன்று பெயர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

மேசைமேல் கிடந்த ஹெட்செட்டில் மின்விசிறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நான் விசிறியை அண்ணாந்து பார்த்தேன். பிறகு ஹெட்செட்டைப் பார்த்தேன். பக்கத்து அறையில் யாரோ காபிக்குச் சக்கரை கலக்குவதுகூடக் கேட்டது. கரண்டி டம்ளரில் மூன்று தடவை பட்டது. அவ்வளவு நல்ல மைக் அது.

ஆமைக்குள் இன்னொரு கருவி உண்டு. ஆமை சாய்கிறதா, ஆடுகிறதா என்று அதுவே தெரிந்துகொள்வதற்காக வைத்தது. அதன் பதிவை யாரும் பார்ப்பதில்லை. சரிவில் ஏறும்போது மட்டும் பார்ப்போம். கணினியில் அதைத் திறந்தேன். மூன்று ஒன்பதுக்குக் கோடு முள் முள்ளாகத் துள்ளுகிறது. மூன்று முள். நான் “மூணு தபா தட்டுண்ணா” என்று சொன்ன நிமிஷம். கேட்கவில்லை, பலமாகத் தட்டு என்றதும் மூன்று முள்ளும் இரண்டு மடங்கு உயரம். தமாஷ் பண்ணாதே என்றதற்கும் மூன்று. அந்தப் பதிந்து வைத்த குரல் முடிகிற ஒவ்வொரு தடவையும் மூன்று. நாலரைக்குக் கிரேனை எடுக்கிறோம் என்று சொன்னதும் ஒரு நிமிஷத்துக்கு மூன்றுமில்லை ஆறுமில்லை, எண்ண முடியாமல் ஒன்றின்மேல் ஒன்றாக முட்கள். பிறகு நாலு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி மூன்று. இடைவெளி விட்டு மூன்று. பொறுமையாக, சொன்ன பேச்சைக் கேட்டு, இங்கேயே இருந்துகொண்டு. எண்ண முடியாத அந்த ஒரு நிமிஷத்தை விட்டால் மொத்தம் இருநூற்றுப் பதினாலு தடவை. கடைசித் தடவை ஆறு நாற்பத்தொன்றுக்கு. அதில் இரண்டு முள்தான்.

பதிவை ஜெயச்சந்திரன் சாரிடம் கொடுத்தேன். நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். கணினியை மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

“மைக் ஏன் பணி செய்யலேதம்மா?”

“தெரியல சார்.”

சந்தனக் கட்டி அப்போது என் கைப்பையில் டிக்கெட் ஒன்றில் மடித்து இருந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். மூவரும் முந்திரி பக்கோடா சாப்பிட்டுக்கொண்டே வேதனைப்பட்டார்கள். ஏசுரத்தினம் தளம் விழுந்த கணத்திலேயே இறந்தார் என்று எழுதினார்கள். அதிர்வுப் பதிவு, இடிபாடு படிப்படியாக இறங்கியதால் ஏற்பட்டது. அபயம்-1 எதிர்பார்ப்புக்கு மேலாகச் செயல்பட்டது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று என்னைக் கேட்டார்கள். இடிபாடு மூன்று மூன்றாக இறங்குமா சார் என்று கேட்டிருக்கலாம். கைப்பையைத் திறந்திருக்கலாம். “இல்லை சார்” என்றேன். பக்கோடாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள். நான் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இந்த விசாரணை அடக்கத்துக்குப் பிறகு நடந்தது. அடக்கம் வெள்ளிக்கிழமை சித்தூரில். துறை சார்பில் கல்லறைத் தோட்ட வாசலில் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஆமை படம் பெரிதாக நடுவில், நெற்றிப் பொட்டோடு. ரத்தினண்ணன் ஓரத்தில், அடையாள அட்டைப் படத்தில், முறைத்துக்கொண்டு. அவர் மனைவி ஞானமணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் கேசியா நர்சிங் படிக்கிறாள். என்னை வேப்பமரத்தடிக்குத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அக்கா, நீங்கதான் கேட்டுக்கினு இருந்தீங்களாம். நைனா கத்தனாரா?”

“இல்லம்மா.”

“ஒண்ணுமே கேக்கலியா?”

“ஒண்ணுமே கேக்கல.”

அது பொய்யில்லை. அந்த வாரம் நான் சொன்ன வார்த்தைகளில் முழு உண்மை அது ஒன்றுதான்.

“ஒடனே போய்ட்டாருதான?”

“ஒடனேம்மா.”

அவள் மூச்சை விட்டாள். “தேங்க்ஸ்க்கா. அம்மா அத்தயேதான் கேட்டுக்கினு கீறாங்க. போய் சொல்லிடறேன்.” இரண்டடி போய்விட்டுத் திரும்பினாள். “உங்கள பத்தி வீட்ல ரொம்ப சொல்வாரு. நான் இடிபாட்ல இருமினாலும் தேவம்மா கண்டுபுடிச்சிடும், அதோட காது அப்பிடின்னு.”

பழைய மைக் பழுதென்று புதிய மைக் வந்தது. இப்போது வேலைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் ஆமையின் முகத்துக்கு நேராக நின்று மூன்று தடவை சொடுக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக் அடிக்கிறேன். ஆமையின் பின்பக்க மூடியில் ‘பூஜை இங்கே’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆயுத பூஜைக்கு எல்லாரும் ஒழுங்காகப் பின்னால் போய்ப் பொட்டு வைத்தார்கள். வால் பிடிக்கப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், லோகேஸ்வரன் என்று. நல்லவர். இரண்டு தோளும் சரியாக இருக்கின்றன. அவர் உள்ளே போகும்போது வாக்கி டாக்கியை நானே அவர் கழுத்தில் கட்டி அனுப்புகிறேன். அவருக்கு அது கொஞ்சம் கூச்சம்.

விழாப் படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. போட்டோக்காரர் அன்றே அனுப்பிவிட்டார். பொட்டு வைக்கிற படம் மட்டும் இரண்டு. முதலாவதில் சந்தனம் மெல்லிசாக இருக்கிறது. நடுவில் மைக் ஓட்டை திறந்தபடி, ஊசிமுனை அளவுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. இரண்டாவதில் அது தெரியவில்லை. முதல் படத்தில் தலைமை விருந்தினர் நன்றாகச் சிரிக்கிறார். ஜெயச்சந்திரன் சார் நேராக நிற்கிறார். பின்னால் ஓரத்தில் ரத்தினண்ணன் கேபிளைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். எல்லாரும் நன்றாகத்தான் விழுந்திருக்கிறார்கள். நான் மட்டும் கண்ணை மூடியிருக்கிறேன். இன்னொரு தடவை எடுக்கச் சொன்னது நான்.